வாய்க்கால் வழி

ஊருக்கெல்லாம் வழி காட்டும் வேலை பார்க்கிறவன் நான். ஆனால் இடது எது, வலது எது என்று யாராவது திடீரென்று கேட்டால், இன்றைக்கும் சோறு பிசைவதுபோல் விரல்களை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். சாப்பிடுகிற கை வலது. மிச்சமிருப்பது இடது. கல்யாணமான புதிதிலேயே என் மனைவி மாலதி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றுதான் எனக்கு வழி சொல்வாள் (பெட்ரோல் பங்க்கில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிகூடச் சொல்லியிருக்கிறாள்).

இப்படிப்பட்ட ஆளைத்தான் சென்னையில் ஒரு கம்பெனி, ஸ்மார்ட் வாட்ச்சுக்கு வழிகாட்டும் ஆப் எழுத வேலைக்கு வைத்தது. நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களுக்கான ஆப் அது. போனில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். திரும்ப வேண்டிய இடம் வந்தால் மணிக்கட்டில் அதிரும், குரலும் கொடுக்கும். பாதையை விட்டு விலகினால் கூப்பிட்டுச் சொல்லும். அந்தப் பாதை சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில் இருந்தது.

மாலதிக்கு மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர்க் குத்தாலத்தில் பள்ளிக்கூட வேலை. எனக்குச் சென்னை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பிப் போகிற கல்யாணம் எங்களுடையது. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோதுதான் முதல்முறையாக ஒரு திங்கட்கிழமை காலையில் நாங்கள் சேர்ந்து இட்லி சாப்பிட்டோம். ஊரே பயந்துகிடந்த காலத்தில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு அந்தத் திங்கட்கிழமைகள் ரொம்பப் பிடித்திருந்தன.

பிறகு ஒருநாள் எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று மெயில் வந்தது. எங்கள் மேனேஜர் ரேவதி மேடத்துக்குப் போன் போட்டு, ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேனே என்று கெஞ்சினேன். அவர் மாரத்தான் ஓடுகிறவர். எதையும் தானே ஓடிப் பார்த்தால்தான் நம்புவார்.

"இந்த ரூட் வேலைய உங்க ஊர்லயே முடிச்சுக் காட்டுங்க. நானே வந்து நடந்து பாக்கிறேன். வாட்ச் என்னைச் சரியா கொண்டுபோய்ச் சேர்த்துச்சுன்னா, நீங்க அங்கயே இருக்கறதப் பத்தி யோசிக்கலாம்" என்றார்.

ஆக, எங்கள் திங்கட்கிழமை இட்லி ஒரு கைக்கடிகாரத்தின் கையில் இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சந்துபொந்துகள் எந்த மேப்பிலும் ஒழுங்காக இருக்காது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பல பேர் திரும்பத் திரும்ப நடக்கிற இடம் எதுவோ, அதையே பாதை என்று ஆப் தானாகப் புரிந்துகொள்ளும். வீட்டில் உள்ள எல்லோர் கையிலும் சோதனை வாட்ச்சைக் கட்டிவிட்டேன். அப்பா டீக்கடைக்குப் போனார், அம்மா கோயிலுக்குப் போனாள், மாலதி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அப்போது சித்திரை மாதம்.

சித்திரையில் எங்கள் பக்கம் யாரும் ரோட்டில் நடக்க மாட்டார்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும். இரண்டு கரையிலும் மரம், நடுவில் சுத்தமான மணல், லாரியும் கிடையாது, தெருநாயும் குறைவு. சைக்கிள் போகும், ஆடு போகும், பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். எப்படி வந்தாய் என்று கேட்டால் "வாய்க்கால் வழியா வந்தேன்" என்பார்கள். அது எங்களுக்கு விளக்கம் தேவைப்படாத பேச்சு. எந்த மாதம் பேசுகிறோம் என்பதிலேயே அதற்கு அர்த்தம் இருந்தது.

வாட்ச்சுக்கு மாதம் தெரியாது. எல்லோரும் நடந்த தடங்களை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குத்தாலத்திலேயே தடிமனான கோடு ஒன்றைப் போட்டுவிட்டது. நேரான பாதை, நிழலான பாதை, குறுக்கே சிக்னல் இல்லை. ஊரின் மிகச் சிறந்த நடைபாதை என்று அதற்கு முதலிடமும் கொடுத்தது. நான் பூரித்துப்போய் அதற்கு 'வாய்க்கால் வழி' என்று பெயரும் வைத்தேன்.

ரேவதி மேடம் மேப்பைப் பார்த்துவிட்டு, அது ரோடுதானா என்று போனில் கேட்டார்.

"ரோட விட நல்லாருக்கும் மேடம். எங்க ஊர்ல எல்லாரும் அதுலதான் போவாங்க."

"பேரே வாய்க்கால் வழியா?"

"ஆமா மேடம்."

அவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிக்கரைத் தெருவில் ஏரியும் தோட்டத் தெருவில் தோட்டமும் இல்லாத ஊர் அது. வாய்க்கால் வழியில் வாய்க்கால் இருக்கும் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்?

இதற்கிடையில் குரல் பிரச்சினை. கம்ப்யூட்டர் பேசிய தமிழில் 'திரும்புங்கள்' என்பது 'துரும்புங்கள்' என்று கேட்டது. தற்காலிகமாக மாலதியையே பேச வைத்துப் பதிவுசெய்தேன். மின்விசிறிச் சத்தம் வரக்கூடாது என்று வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, "நேரா போங்க", "இடது பக்கம் திரும்புங்க", "வழி தப்பிட்டீங்க, திரும்பி வாங்க" என்று பாவம், விதவிதமாகச் சொல்லிக் கொடுத்தாள். கடைசி வாக்கியத்தை அவள் நன்றாகச் சொன்ன ஒரே தடவையில் சமையலறைக் குக்கர் விசிலடித்துவிட்டது. அதை வெட்டிவிடலாம் என்று நினைத்து மறந்துபோனேன். சென்னையில் இருந்தவர்கள், எச்சரிக்கை ஒலியைக் குரலோடு அழகாகச் சேர்த்திருப்பதாகப் பாராட்டி மெயில் அனுப்பினார்கள் (நானும் நன்றி என்று பதில் போட்டேன்).

மேடம் வைகாசியில் வருவதாக இருந்தது. ஏதேதோ மீட்டிங்கில் தள்ளிப்போய் ஆனி ஆகிவிட்டது. நடுவில் மேட்டூரைத் திறந்தார்கள். டிவியில் காட்டினார்கள். ஒருநாள் காலையில் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, கல்லணையும் திறந்தாச்சு என்றார். சந்தோஷம்ப்பா என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் அந்தத் தடிமனான கோட்டுக்கு இன்னும் எடுப்பான நீலம் தேடிக்கொண்டிருந்தேன். நீலம்! காவேரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், வாய்க்காலுக்கு நீலக் கலர் அடித்துக்கொண்டிருந்தபோதும் தண்ணீர் ஞாபகம் வரவில்லை என்றால் என்னை என்ன சொல்வது?

ரேவதி மேடம் மயிலாடுதுறையில் ரயிலிறங்கி, விடிந்த கையோடு கார் பிடித்து வந்து சேர்ந்தார். பளிச்சென்ற வெள்ளை ஷூ. யாரும் கூட வரக்கூடாது, வாட்ச் சொல்வதை மட்டும் கேட்டு நடப்பேன், அதுதான் டெஸ்ட் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மெயின் ரோட்டுப் பக்கம் வாய்க்கால் ஆரம்பிக்கிற இடத்தில் அவரை விட்டுவிட்டு, நான் பைக்கில் முன்னால் வந்து எங்கள் தெரு மதகின் மேல் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டேன். அங்கேதான் பாதை முடிகிறது. மாலதி பிளாஸ்க்கில் காபியோடு நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தாலும் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள்.

திரையில் மேடம் ஒரு சிவப்புப் புள்ளியாக நகர்ந்தார். புள்ளி நீலக் கோட்டை விட்டு இம்மியும் விலகவில்லை. பாதி வழியில் புள்ளி திடீரென்று வேகமெடுத்தது. "பாத்தியா மாலு, பாதை பிடிச்சுப்போய் ஓடவே ஆரம்பிச்சுட்டாங்க" என்றேன். அப்புறம் புள்ளி கரைப் பக்கம் விலகியது, உடனே கோட்டுக்குத் திரும்பியது, மறுபடி விலகியது, மறுபடி திரும்பியது. விலகினால் கூப்பிடும் வசதி எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

அதற்குள் மதகைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். தெருப் பெண்கள் கையில் பூவும் மஞ்சளும் வைத்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, தட்டு நிறைய உதிரிப்பூவோடு வந்து நின்றார். சென்னையிலிருந்து வருகிறவருக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் எழுந்து நின்றேன்.

"மேடத்துக்காப்பா?" என்றேன்.

"தண்ணிக்குடா."

"எந்தத் தண்ணிக்கு?"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மாலதி பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அதற்குள் வாய்க்கால் வளைவில் சலசலவென்று சத்தம் கேட்டது.

முதலில் நுரை வந்தது. அப்புறம் சருகு, பிளாஸ்டிக் பாட்டில், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அதன் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். தண்ணீரோடு தண்ணீராக முழங்கால் நனைய, இடுப்புவரை களிமண்ணோடு, எங்கள் ரேவதி மேடம். அவர் கையிலிருந்து என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது: "நேரா போங்க."

பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் பூவைத் தூவினார்கள். அப்பா தட்டை ஏற்கெனவே ஓங்கிவிட்டார், நிறுத்த முடியவில்லை. தட்டிலிருந்த பூ மொத்தமும் மேடத்தின் தலையில் விழுந்தது. (தண்ணி திறந்துவிட வந்த இன்ஜினியர் அம்மா, கடைமடைவரை கூடவே நடந்து வருகிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டாராம். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு அதிகாரியா என்று நெகிழ்ந்தும் போனாராம்.)

நடந்ததை மேடம் பிறகு சொன்னார். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார், தண்ணீர் வருவதைப் பார்த்து ஓடியிருக்கிறார். அப்போது வாட்ச், இன்றைய உங்கள் சிறந்த வேகம் என்று வாழ்த்தியிருக்கிறது. கரையேறப் பார்த்தால் "வழி தப்பிட்டீங்க, திரும்பி வாங்க" என்று கூப்பிட்டுக் குக்கர் விசிலும் அடித்திருக்கிறது. டெஸ்ட் என்றால் டெஸ்ட் என்று அவரும் திரும்பி இறங்கியிருக்கிறார். மறுபடி ஏறும்போது களிமண் வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டது.

நான் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலதிதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்க் கை கொடுத்தாள். மேடம் மதகோரப் படியில் கால் வைத்ததும் வாட்ச் மறுபடியும் "வழி தப்பிட்டீங்க, திரும்பி வாங்க" என்றது.

மேடம் வாட்ச்சைப் பார்த்தார். மாலதியைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"மன்னிச்சுக்கங்க மேடம். அவர் எழுதிக்குடுத்தாரு, நான் படிச்சேன்" என்றாள் மாலதி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

வீட்டில் மாலதியின் சுடிதாரை மாட்டிக்கொண்டு மேடம் பொங்கல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிடச் சாப்பிட, நான் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து மாலதி வெளியே வரவே இல்லை. இரண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்ட பிறகுதான் மேடம் வாயைத் திறந்தார்.

"இந்தத் தண்ணி எதுவரைக்கும் ஓடும்?"

"தை வரைக்கும் மேடம்."

"வாட்ச்ல தப்பில்ல. அது எல்லாரும் நடந்த வழியத்தான் காட்டுச்சு. எது எப்ப வழி, எப்ப வாய்க்கால்னு அதுக்கு யாரும் சொல்லல. தை வரைக்கும் இங்கயே இருந்து அதச் சொல்லிக்குடுங்க. தண்ணி நின்னதும் சென்னைக்கு வந்துடணும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

எங்கள் கம்பெனியிலேயே காவேரி நீரைப் பொறுத்து ஊரிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்த ஒரே ஆள் நான்தான். மேட்டூர் நீர்மட்டத்தை அப்பா பயிருக்காகப் பார்த்தார், நான் எனக்காகப் பார்த்தேன். மாலதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் ஆளுக்கொரு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கரை கரையாக நடப்போம். எந்த மதகைத் தாண்டலாம், எந்த வரப்பு மழைக்குத் தாங்கும், நடவு சமயத்தில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று குறித்துக்கொள்வோம். வேலை பாதி, பேச்சு பாதி. கல்யாணமாகி இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அந்தக் கரைகளில்தான் பேசித் தீர்த்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதங்கள் இருந்ததில்லை.

தையில் அணையை மூடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கால் வற்றி, மணல் தெரிந்தது. பையன்கள் ஸ்டம்ப் நட்ட அன்றைக்கு நான் ரயிலேறினேன். மாலதி ஸ்டேஷனுக்கு வரவில்லை, டிபன் கட்டிக் கொடுத்ததோடு சரி. மறுபடியும் வெள்ளி, ஞாயிறுக் கல்யாணம்.

இன்றைக்கு அந்த ஆப்பில், பாதைக்கு மேல் 'இந்த மாதங்களில் தண்ணீர் ஓடும்' என்று ஒரு வரி வருகிறது. அதை எழுதியவன் நான், எழுத வைத்தவர் நனைந்தவர். வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "வாய்க்கால் வழியாடா?" என்பார். அதோடு என் வாதம் முடிந்துவிடும். ரேவதி மேடம் ஒவ்வொரு ஆனியிலும், தண்ணீர் வரும் நேரத்தில் மேப்பைச் சரிபார்க்க என்று சொல்லி என்னை ஊருக்கு அனுப்பிவைக்கிறார். சரிபார்க்க அங்கே ஒன்றும் பாக்கியில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆப்பில் இப்போது யாரோ ஒரு வானொலிக் குரல் பேசுகிறது. என் வாட்ச்சில் மட்டும் அந்தப் பழைய குரலை மாற்றாமல் வைத்திருக்கிறேன். வேளச்சேரியில் தனியாக நடக்கும்போது, சில சாயங்காலங்களில், வேண்டுமென்றே ஒரு தப்புச் சந்தில் திரும்புவேன். இடதா வலதா என்றெல்லாம் விரலை அசைத்துப் பார்ப்பதில்லை.

இந்த வருடமும் போன வாரம் ஆபீஸ் நேரத்தில் மாலதி போன் பண்ணினாள்.

"மதகடிக்குத் தண்ணி வந்துருச்சுங்க" என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு, "வழி தப்பிட்டீங்க, திரும்பி வாங்க" என்றாள்.

பின்னால் நிஜக் குக்கர் விசிலடித்தது. நான் லேப்டாப்பை மூடினேன்.