பாலத்துக்காக ஜெயிலுக்குப் போனவர்

தோன் ஒல்ஹேர் பிக்காதோ அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டார். பாதை வராது. வரக் கூடாது. வந்தால் அவர் மனிதரே அல்ல.

வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் சீனியாவின் காதில் விழும். அவர் மனைவி சீனியாதான் பாதைக் கமிட்டியின் காரியதரிசி. தலைவர் லாலோ, சீனியாவின் அண்ணன். ஆக, ஒல்ஹேர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கமிட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

விஷயம் இதுதான். மலைக்கு மேலே எல் ஆல்தோ ஊர்க்காரர்கள் அருவி வரைக்கும் ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். கீழே லா பெர்லாவில் இவர்கள் பழைய மாட்டுவண்டித் தடத்தைச் சீர் பண்ணி ஆற்றங்கரை வரைக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். இரண்டையும் இணைத்துவிட்டால், அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்ந்து ஐந்து ஊர்ப் பாதைகள் ஒரே கோர்வையாகிவிடும். தலைநகரத்திலிருந்து நடக்க வருகிறவர்கள் மேலே குளித்து, கீழே சாப்பிட்டு, ராத்திரி தங்கி, மறுநாள் அடுத்த ஊருக்கு நடப்பார்கள். இப்போதோ அருவியைப் பார்த்ததும் வந்த வழியே பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். சீனியா வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி, கட்டில் போட்டு, பூப்போட்ட திரை தைத்து மாட்டி ஒன்றரை வருஷமாகிறது. இதுவரை அங்கே தங்கிய விருந்தாளி ஒரு அடைகாக்கும் கோழி மட்டும்தான்.

இரண்டு பாதைக்கும் நடுவே இருந்தது ஒல்ஹேரின் காப்பித் தோட்டமும், அதன் அடியில் ஓடும் ஓடைப் பள்ளமும்.

அந்தப் பள்ளத்து ஓரத்தில், வாழைக் கூட்டத்துக்குப் பின்னால், ஒரு கொட்டகை. உரமூட்டை வைக்க என்று கட்டியது. உரமூட்டையும் இருந்தது, ஒன்று. தலைக்கு வைத்துக்கொள்ள. தினமும் வெட்டுக்கத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு "களை எடுக்கப் போறேன்" என்று வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒல்ஹேர், இருபத்திரண்டு வருஷமாகப் பகலெல்லாம் அங்கேதான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாதை வந்தால் கொட்டகையை உரசிக்கொண்டுதான் போகும். போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். பார்த்தவன் சும்மா இருப்பானா? சீனியா வீட்டில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டே சொல்வான்.

முடியாது என்று நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் மூளையைப் பயன்படுத்தினார். ஒரு மாதத்துக்கு முன் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று மார்பைத் தட்டினார்.

"இடமா? தாராளமா எடுத்துக்கோங்க! ஊருக்கு இல்லாத நிலம் எனக்கு எதுக்கு?"

எல்லாரும் கைதட்டினார்கள். சீனியா மட்டும் தட்டவில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஒல்ஹேர். "பள்ளத்துல பாலம் இல்லாம ஜனங்களை இறங்க விட்டா யாராவது கால உடைச்சுக்குவாங்க. என் மனசு தாங்காது. அதனால பாலத்துக்கு உண்டான மூணு லட்சம் கொலோனும் தூர்னோத் திருவிழா அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக் கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள கைக்கு வந்திருக்கணும். வரலைன்னா பேச்சே கிடையாது. இன்னொண்ணு, கமிட்டி உறுப்பினருங்க கைக்காசைப் போட்டு ரொப்பக் கூடாது. ஊர் ஜனங்க காசா இருக்கணும்."

"எழுதிட்டேன்" என்றாள் சீனியா. "கையெழுத்துப் போடுங்க."

கூட்டப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ஊரில் கூட்டப் புத்தகத்தில் ஏறியது கல்லில் வெட்டியதற்குச் சமம். ஊர்க் காரியத்துக்குப் பணம் திரட்ட லா பெர்லா நடத்தும் அந்தத் தூர்னோவில் இதுவரை இரண்டு லட்சத்தைத் தாண்டி வசூலானதே இல்லை. வாழ்நாளில் ஒரு தடவை ஒல்ஹேர் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார்.

தூர்னோ ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கோயில் முற்றத்தில் பந்தல் போட்டு ஒரு பக்கம் பன்றி வறுவல், ஒரு பக்கம் கோழிச் சோறு, நடுவில் பிங்கோ மேஜைகள், ஒலிபெருக்கியில் லாலோ. வீட்டில் அடுப்பு எரியவில்லை. சீனியா விடியும் முன்பே பெரிய அண்டாவோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள். ஒரு காசுகூடச் செலவழிப்பதில்லை என்ற வைராக்கியத்தில் ஒல்ஹேர் வெறும் வயிற்றோடு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். பிங்கோ மேஜை மேஜையாகப் போய், வானத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

"மழை கொட்டப் போவுது பாருங்க. துணி காயப் போட்டிருந்தா இப்பவே வீட்டுக்குப் போயிடுறது நல்லது."

நாலு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

சீனியா அண்டாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டு எர்மிதாவிடம் போய், "எர்மிதா அக்கா, உங்க ஏணி திரும்பி வந்திச்சா?" என்று கேட்டாள்.

"எங்க வந்திச்சு! உங்க வீட்டுக்காரர் ஈஸ்டருக்கு வாங்கிட்டுப் போனவர்தான்."

"அப்ப அவரை ஜெயில்ல போட்டா என்ன?"

ஜெயில் என்பது தூர்னோவுக்குத் தூர்னோ போடுகிற மூங்கில் கூண்டு. இரண்டாயிரம் கொலோன் கட்டினால் யாரை வேண்டுமானாலும் அரை மணி நேரம் உள்ளே தள்ளலாம். உள்ளே இருப்பவர் ஐயாயிரம் கட்டினால் உடனே வெளியே வரலாம். எர்மிதா பணத்தைக் கட்டினாள். மார்பில் தகர நட்சத்திரம் குத்திக்கொண்டு லாலோவே வந்து ஒல்ஹேரின் தோளைப் பிடித்தார்.

"வாங்க மாப்ளே."

"எதுக்கு மச்சான்?"

"ஏணி."

கூண்டுக்குள் ஒரு ஸ்டூல் இருந்தது. ஒல்ஹேர் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயாயிரம் கட்டிட்டு வெளிய வந்துடுறீங்களா?" என்று லாலோ கேட்டார்.

"கட்டினா அந்தக் காசு எங்க போகும்?"

"பாலத்துக்கு."

"அப்ப நான் இங்கயே இருக்கேன். காத்து நல்லா வருது."

"தோன் ஒல்ஹேர் காசு கட்ட மாட்டாராம்! உள்ளயே இருக்காராம்!" என்று லாலோ ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஊர் ஒரு நிமிஷம் யோசித்தது. இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும்?

முதலில் வந்தவர் ரொட்டிக் கடைக்காரர். "ஞாயித்துக்கிழமை மேட்ச்சுல பந்து எங்க இருந்தாலும் ஆஃப்சைடுன்னு கத்துறாரு. இன்னொரு அரை மணி." அடுத்து பஸ் டிரைவர். "பதினோரு வருஷமா சில்லறை இல்லைங்கிறாரு. ரெண்டு அரை மணி போடுங்க." பாதிரியாரின் சமையல்காரி வந்தாள். பிரசங்கத்தில் குறட்டை விட்ட குற்றம். எல் ஆல்தோவிலிருந்து வந்தவர்களுக்கு அவரை யாரென்றே தெரியாது. வரிசை நீளமாக இருக்கிறதே என்று அவர்களும் வந்து நின்றார்கள்.

"நான் உங்களுக்கு என்னங்க பண்ணினேன்?" என்று ஒல்ஹேர் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. மூஞ்சி பிடிக்கல."

பன்றி வறுவல் வரிசையைவிட ஜெயில் வரிசை பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு குற்றத்தையும் லாலோ ஒலிபெருக்கியில் வாசித்தார். முற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றரை மணிக்கு ஒல்ஹேரின் தண்டனை மறுநாள் சாயங்காலம் வரை நீண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிங்கோ சம்பாதித்தது கொஞ்சம். அவர் சம்பாதித்துக் கொடுத்ததுதான் அதிகம்.

"மச்சான்! என்னை வெளிய விடுங்க!"

"ஐயாயிரம்."

கையைப் பைக்குள் விட்டவர் அப்படியே நின்றார். வெளியே போனால் ஐயாயிரம் பாலத்துக்கு. உள்ளே இருந்தால் ஊரார் காசு பாலத்துக்கு. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பாழாய்ப்போன பாலம் பலகை பலகையாக முன்னே வந்துகொண்டிருந்தது. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு அவர் சொன்ன மழையே வந்து அவரைக் காப்பாற்றியது. கொட்டு கொட்டென்று கொட்டியது. பாதிக் கூட்டம் ஓடிவிட்டது. மீதி இருந்தவர்கள் பையைத் தட்டிக் காட்டினார்கள், ஒரு நாணயம் இல்லை. நாலே முக்காலுக்குக் கரும்பலகையில் லாலோ எழுதியது: மூணு லட்சத்துக்கு இன்னும் மூவாயிரம்.

"நான் போடட்டுமா அண்ணா?" என்றாள் சீனியா.

"நீ உறுப்பினராச்சே. புத்தகத்துல இருக்கு."

மூவாயிரம்தான். பதினைந்து நிமிஷம்தான். கொட்டகை தப்பித்தது! ஒல்ஹேருக்கு ஸ்டூலில் ஏறி ஆட வேண்டும்போல் இருந்தது. சீனியா ஈரத் தலையோடு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு கட்டிலும் பூப்போட்ட திரையும் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தன. அவருக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அதைவிடப் பெரிய கஷ்டம் வயிற்றில் இருந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டவர். கோழிச் சோற்று வாசனை மூங்கில் இடுக்கு வழியாக வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது.

"சீனியா, சோறு மிச்சம் இருக்குதுங்களா?"

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் 'நீங்க, வாங்க'தான். எத்தனை கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஒரு தட்டு இருக்கு. மேல வறுவலும் வச்சுத் தருவேன்."

"கொடுங்க."

"மூவாயிரம்."

"கட்டின புருஷனுக்கே காசா?"

"தூர்னோல யாருக்குமே சும்மா கிடையாதுங்க."

ஒல்ஹேர் யோசித்தார். இருபத்திரண்டு வருஷத் தூக்கத்தில் தேறிய மூளை அது. ஜாமீன் காசு பாலத்துக்குப் போகும். சோற்றுக் காசு எங்கே போகும்? வயிற்றுக்கு. இதில் என்ன வில்லங்கம்?

"கொடுங்கன்னு சொல்றேன்ல."

"நிஜமாத்தான் கேக்குறீங்களா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சுக்கோங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"ஒரு தட்டுச் சோத்துக்கு இவ்வளவு யோசனையா? இந்தாங்க!"

மூவாயிரத்தை இடுக்கு வழியாக நீட்டினார். தட்டு உள்ளே வந்தது. சோறு அருமை. வறுவல் அதைவிட அருமை. கடைசி எலும்பைச் சப்பிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"சமையல் கல்லாவுல கடைசியா மூவாயிரம்! மொத்தம் மூணு லட்சம்! பாலம் வந்துடுச்சு! வாழ்க தோன் ஒல்ஹேர்!"

கோயில் மணி அடித்தது.

எலும்பு ஒல்ஹேரின் கையிலிருந்து விழுந்தது. "சமையல் காசும் பாலத்துக்கா?"

"பின்ன யாருக்கு மாப்ளே? விடிஞ்சதுலேர்ந்து சும்மாவா சமைக்கிறோம்?"

"என் காசு செல்லாது! நான் காரியதரிசி புருஷன்!"

லாலோ கூட்டப் புத்தகத்தை எடுத்து, மழை படாமல் குல்லாவால் மறைத்துக்கொண்டு வாசித்தார். "கமிட்டி உறுப்பினருங்க கைக்காசு கூடாது. நீங்க உறுப்பினரா? கூப்பிட்டப்பல்லாம் களை எடுக்கணும்னு சொல்லிட்டீங்களே."

சீனியா கூண்டின் கதவைத் திறந்துவிட்டாள். முகம் பளபளவென்று இருந்தது. மழையா வேறு ஏதாவதா, ஒல்ஹேருக்குத் தெரியவில்லை. அவர் தட்டோடு வெளியே வந்தார்.

"எப்ப வேலை ஆரம்பிக்கிறாங்க?" என்று ஈனமான குரலில் கேட்டார்.

"புதன்கிழமை. பள்ளத்து ஓரத்துலேர்ந்து வெட்டிக்கிட்டு வராங்க" என்றபடி தட்டை வாங்கிக்கொண்டாள் சீனியா. "பயப்படாதீங்க. மத்தியானத்துல மட்டும் மண்வெட்டியைச் சத்தம் போடாமப் போடுங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க தூங்குற நேரமாச்சே."