பூட்டு வார்டர் தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடம்

பேராக் மாநிலத்தில் அவர் பூட்டுப் போடாமல் விட்டுவைத்தவை இரண்டுதான். ஒன்று வானம், இன்னொன்று அவருடைய வாய்.

மற்ற எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. அரிசிப் பெட்டிக்குப் பூட்டு, உப்பு ஜாடிக்குப் பூட்டு. கோழிக்கூண்டுக்கு இரண்டு, ஒன்று கோழிகளுக்கு, ஒன்று சேவலுக்கு. வேறு யாரும் விரித்துவிடக் கூடாது என்று குடையிலும் ஒரு சின்னப் பூட்டு தொங்கும். மழை வந்தால், இடுப்பில் கிடக்கும் சாவிக்கொத்தில் குடைச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிடுவார். அதற்குப் பிறகு நிதானமாகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். கேட்டால், "நான் நனைஞ்சா காஞ்சிடுவேன். குடை காணாமப் போனா வருமா?" என்பார்.

அவரைப் பூட்டு வார்டர் என்றுதான் தோட்டம் முழுக்கச் சொல்வோம். உண்மைப் பெயர் சம்பளக் கணக்கு எழுதும் கிராணிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். தைப்பிங் ஜெயிலில் வார்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். பஞ்சாபிகளும் மலாய்க்காரர்களும் நிறைந்த அந்த வேலையில் தமிழர் இவர் ஒருத்தர்தான் என்று சொல்லிக்கொள்வார். பென்ஷன் வாங்கிய பிறகு, ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஜாகாவாக வந்து சேர்ந்தார். ரப்பர் பால் ஸ்டோரைக் காவல் காப்பது அவர் வேலை. அதே ஸ்டோரில் பாலை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றுவது என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது.

டூட்டியில் தூங்கியதே இல்லை என்பது அவருடைய பெரிய பெருமை. "தூங்கறது கிடக்கட்டும், கண்ணு கொட்டறதையே நான் ஒண்ணு ஒண்ணாத்தான் கொட்டுவேன். ரெண்டையும் ஒரே நேரத்துல மூடினா அவன் ஓடிருவான்" என்பார். 'அவன்' யார் என்று யாரும் கேட்டதில்லை.

மனைவி இறந்துவிட்டாள். வீட்டில் அவரும் மகள் பாக்கியமும்தான். எனக்கு அந்த வீட்டுப் பக்கம் பார்வை போகும். அவள் என்னைப் பார்த்தால் "என்னண்ணே" என்பாள். அதோடு அந்தச் சங்கதி முடிந்தது.

வார்டர் சாயங்காலங்களில் ஜெயில் கதைகள் சொல்வார். எல்லாம் சிரிப்புக் கதைகள், ஒன்றைத் தவிர. ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பொம்பளையைப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். உள்ளே வந்ததிலிருந்து ஓயாமல் அழுகை. பெண்கள் பகுதியைக் கவனிக்கும் மேட்ரனுக்குத் தமிழ் தெரியாது. திமிர் பிடித்தவள் என்று நினைத்து அவளைத் தனி அறையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் வார்டர் அந்த வழியாகப் போகும்போதுதான், அவள் சொல்லி அழுவது அவர் காதில் விழுந்தது. பால்குடி மறக்காத பிள்ளையைத் தோட்டத்து லயத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இந்தக் கதையைக் கேட்டபோது பாக்கியம் சின்னப் பிள்ளை. "அந்தப் பாப்பாகிட்ட யாருப்பா போய்ச் சொன்னா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவள், தான் மேட்ரன் ஆகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் வளர வளர இப்படிப்பட்ட ஆசைகளை மறந்துவிடும். இவள் மறக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் தமிழை முடித்துவிட்டுக் கிராணி வீட்டு அம்மாளிடம் கொஞ்சம் இங்கிலீசும் கற்றுக்கொண்டு, "அடுத்து எங்கப்பா?" என்று வந்து நின்றாள். மேட்ரன் வேலைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு வரைக்கும் தேற வேண்டும். அதற்கு டவுனில் தங்கிப் படிக்க வேண்டும்.

செய்தி பரவியதும் தோட்டமே சிரித்தது. பெரிய கங்காணி கள்ளுக்கடை வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஜெயிலுக்குப் போறதுக்கு எதுக்கு வார்டரே பள்ளிக்கூடம்? ரெண்டு கோழி திருடினா போதுமே லா" என்றார்.

வார்டர் நின்றார். "கோழி திருடினா உள்ள போலாம் கங்காணி. சாவியக் கையில வச்சுக்கிட்டு உள்ள போகத்தான் படிப்பு வேணும்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று ராத்திரி அவர் வீட்டில் சோறு அப்படியே இருந்தது என்று பாக்கியம் மறுநாள் சொன்னாள்.

பள்ளிக்கூடம் தேடப் புறப்பட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டார். ஜெயிலில் ரவுண்டு போகும்போது ஒரு சாட்சி வேண்டுமாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கு என்ன தெரியும் என்றேன். "நீ பேச மாட்ட. அதான் நல்ல சாட்சி" என்றார்.

முதலில் ஈப்போ. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி. பெரிய சுவர், மேலே வரிசையாகக் கண்ணாடிச் சில்லுகள். வார்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். தன் உயரத்தை அதோடு ஒப்பிட்டார். என் தோளில் ஏறி நின்றால் எட்டுமா என்று பார்க்க, நிஜமாகவே என் தோளில் ஏறினார். எட்டவில்லை. உள்ளே போய், மலாயில் சிஸ்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெராப்பா ஓராங் லாரி?" எத்தனை பேர் ஓடிப் போனார்கள் என்று அர்த்தம். சிஸ்டர் யோசித்து, பிள்ளைகள் யாரும் ஓடவில்லை, போன மாதம் சமையல்காரர்தான் ஓடினார் என்றார். வார்டர் சோற்றை ருசி பார்த்தார், கட்டிலை ஆட்டிப் பார்த்தார், ஜன்னல் கம்பியைச் சுண்டி அதன் ஓசையைக் கேட்டார். எல்லாம் முதல்தரம் என்று சிஸ்டரைப் பாராட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "வேணாம். வா போலாம்" என்றார்.

அடுத்தது கோலா கங்சார். அங்கே வாசலில் இரட்டைக் கதவு, இரட்டைப் பூட்டு. கதவுக் காவல்காரர் சாவியை இடுப்பின் இடப்பக்கம் செருகியிருந்ததைப் பார்த்து, அதை ஏன் வலப்பக்கம் மாற்ற வேண்டும் என்று வெயிலில் நின்று நெடுநேரம் விளக்கினார். அந்த மனிதரும் மாற்றிக்கொண்டார். இருவரும் கைகுலுக்கினார்கள். அந்தப் பள்ளியும் வேண்டாம் என்றார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. உப்பு ஜாடியைப் பூட்டுகிறவருக்கு இந்தப் பூட்டெல்லாம் போதவில்லையோ என்று நினைத்தேன். அவர் மகளை அடைக்க ஒரு கோட்டைதான் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாகத் தைப்பிங். போய் இறங்கியபோதே மழை. அவர் குடைச் சாவியைத் தேடினார், நனைந்தோம், பிறகு குடை பிடித்து நடந்தோம். அங்கே இருந்தது ஒரு சின்னப் பள்ளி. சுவரே இல்லை. செம்பருத்தி வேலிதான். வாசல் கேட் ஒரே கீலில் சாய்ந்து நின்றது. வேலியில் ஓர் இடத்தில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓட்டை வழியாக ஓர் ஆடு உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, செம்பருத்தியைத் தின்னத் தொடங்கியது.

வார்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மூத்த சிஸ்டரை அந்த ஓட்டைக்கு முன்னால் நிறுத்தி, இதுவும் ஒரு பாகாரா, இதுக்குப் பேர் வேலியா, ஆடு வருகிற வழியில் ஆள் போக மாட்டானா என்று அவர் போட்ட சத்தத்தில் ஆடு வந்த வழியே ஓடிவிட்டது. சிஸ்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார். வேலியைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். புதுப் பிள்ளைகள் மனம் ஊன்றும்வரை, தீபாவளி லீவு வரைக்கும், வீட்டிலிருந்து யாரும் பார்க்க வரக் கூடாதாம். வார்டர் அந்த ஓட்டையின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு, "சேத்துக்குங்க சிஸ்டர்" என்றார்.

திரும்பும் ரயிலில் முதல் தடவையாக நான் வாய் திறந்து ஏன் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கதவப் பூட்டினதுக்கப்புறம் உள்ள இருக்கறவங்க மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்டா. எம்புள்ளைக்கு அந்த மூஞ்சி வேணாம். படிக்கட்டும். முடியலன்னா ஓடி வரட்டும்."

அப்புறம் என் முழங்காலைத் தட்டினார். "நீ சாட்சி. வெளிய சொல்லாத."

பாக்கியத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்றிலிருந்து, பூட்டு வார்டர் தம் வீட்டுக் கதவைப் பூட்டவில்லை. தாழ்கூடப் போடவில்லை. உள்ளே உப்பு ஜாடி பூட்டியிருக்கும், அரிசிப் பெட்டி பூட்டியிருக்கும், வீடு மட்டும் ஆவென்று திறந்து கிடக்கும். லயத்தில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். மகள் போன ஏக்கத்தில் வார்டருக்கு மறை கழன்றுவிட்டது என்றார் கங்காணி. தெருநாய் ஒன்று உள்ளே வந்து குடியேறியது. அதை அவர் விரட்டவில்லை, ஆனால் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். ஒருநாள் என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்: "சாத்தியிருந்தா தட்டணும். தட்டினா லயமே எழுந்து வந்து பாக்கும். ஓடி வந்த புள்ள வெக்கப்படுவா."

ஞாயிறுதோறும் மத்தியான டூட்டியை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு, விடிந்ததும் குடையோடு கிளம்பிவிடுவார். எங்கே வார்டர் அண்ணே என்றால், பூட்டுக்கு எண்ணெய் வாங்க ஈப்போவுக்கு என்பார். இருந்த பூட்டிலேயே பெரிய பூட்டு, வீட்டுக் கதவின் பூட்டு, ஆணியில் சும்மா தொங்குகிறது, இவர் வாராவாரம் எண்ணெய் வாங்கப் போகிறார். அதற்கும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

பாக்கியம் ஓடி வரவில்லை. தீபாவளி லீவுக்கு முறையாக, பெட்டியோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். திறந்து கிடந்த கதவுக்கு வெளியே நின்று, விரலை மடக்கி, இரண்டு தட்டுத் தட்டினாள். பள்ளியில் கற்றுக்கொடுத்த பழக்கம். உள்ளேயிருந்த வார்டர் எழுந்து வந்து அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"திறந்துதானம்மா கிடக்கு. யாரு வீட்டுக்குத் தட்டுற?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். லயத்துக் குழாயடியில் நின்ற நான், குடம் தூக்குகிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் படித்துத் தேறினாள். சில வருஷங்கள் கழித்து ஒரு ஜெயிலில் பெண்கள் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு மேட்ரனும் ஆனாள். கங்காணியே வீடு தேடி வந்து வார்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பார்ப்பவர்களிடமெல்லாம் வார்டர், "வேலியில அவ்வளவு பெரிய ஓட்டை. ஒரு தடவகூட எம்புள்ள வரல பாத்தியா" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் சொல்லி முடித்ததும், கூடக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, பாக்கியம் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இதன் சாவி எது என்று தெரியுமா என்று கேட்டாள். சாவிக்கொத்தில் தேடிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

போன முதல் மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாப் பிள்ளைகளும் படுத்திருந்தபோது அவள் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறாள். தூறல். எதிரே ரோட்டோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் யாரோ குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். குடையில் ஒரு சின்னப் பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"கிட்டப் போனேண்ணே. அப்பா நல்லாத் தூங்கிட்டிருந்தாரு. குறட்டை. எழுப்பினா கூட்டிட்டு வந்துருவாரு, அப்புறம் நான் திரும்பிப் போகவே மாட்டேன். தோளு ஒரு பக்கம் நனைஞ்சிட்டிருந்துச்சு. குடைய நேராக்கி வச்சுட்டு உள்ள போயிட்டேன்."

அவள் போன பிறகு நான் அந்த வாசலில் வெகுநேரம் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

அவள் வந்தாள், வார்டர் அண்ணே. நீங்கள்தான் தூங்கிவிட்டீர்கள்.