இருபத்திரண்டாம் எண் வாசல்

போர்ட் வைத்தியர் என்றோர் இனம் உண்டு. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் கணினிகள் ஓடும் அலுவலகம் எதுவானாலும் ஒருவராவது அகப்படுவார். கணினிக்குள் தகவல் போய்வர எண் போட்ட வாசல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குப் பெயர்தான் போர்ட்; அவற்றைத் திறந்து மூடும் காவல்காரனுக்குப் பெயர் ஃபயர்வால். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைக் கணினியே ஒரு வரியில் எழுதிக் காட்டிவிடும். வைத்தியர் அதைப் படிக்கமாட்டார். படித்துத் தெரிந்துகொள்வது கற்றுக்குட்டிகளின் வேலை. அவர் நாடி பிடித்தே சொல்லிவிடுவார்.

எங்கள் மைசூர் அலுவலகத்து வைத்தியர் ஹேமந்த். நாற்காலியை உயர்த்தி, விரல்களைச் சொடுக்கி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடவிட்டு, பழைய கம்பெனியில் ஒற்றை ஆளாக நாற்பது சர்வர்களைக் காப்பாற்றிய வரலாற்றைச் சொல்லி முடித்த பிறகுதான் "என்ன ப்ராப்ளம்?" என்பார். கேட்பாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கமாட்டார்.

சென்ற மாதம் அவரிடம் மாட்டிக்கொண்டவள் வடிவு. சேர்ந்து ஆறு மாதம். கொள்ளேகால் பட்டுக்கடை ஒன்றுக்கு அவள் செய்த ஆர்டர் பக்கத்தைக் கடைக்காரர் மாணிக்கவாசகம் மூன்று மணிக்குப் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் இல்லை. அன்று காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் பக்கம் திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஓடும் கணினி இருப்பதோ கொள்ளேகால் கடையில்.

"சார், ப்ரோக்ராம் 8080-ல ஓடுதுங்க. ஃபயர்வால்ல 8008-னு திறந்திருக்குது. ஒரு நம்பர மாத்துனா போதும்."

"ஸ்வல்ப இரு மா. இதெல்லாம் அடிலேர்ந்து க்ளீன் பண்ணணும். மொதல்ல எல்லாத்தையும் மூடு, அப்புறம் வேணுங்கறத மட்டும் திற. அதான் ரூல்."

"எல்லாத்தையும்னா, நாம உள்ள போயிருக்கற 22-ஐயுமா சார்?"

"உனக்கு எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ் மா?"

என்டரைத் தட்டினார். எல்லா வாசலும் மூடிக்கொண்டன. மைசூரிலிருந்து அவர் நுழைந்திருந்த 22-ஆம் எண் வாசலும் மூடிக்கொண்டது. திரை அப்படியே நின்றுவிட்டது.

இந்த இனம் இப்போது என்ன சொல்லும்? தப்பு செய்துவிட்டேன் என்றா? "நெட் ஸ்லோ" என்றார் ஹேமந்த். வயரைப் பிடுங்கிச் சொருகினார். காபி குடித்தார். பிறகு, "கொள்ளேகாலுக்கு பஸ் எத்தனை மணிக்கு மா?" என்றார். யாருக்கு பஸ் என்று கேட்காதீர்கள். வைத்தியர்கள் பயணம் செய்வதில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து பஸ் நேரத்தைப் பார்த்துச் சொன்னது நான்தான்.

வடிவு கடைக்குள் நுழையும்போது மூன்றடிக்கப் பத்து நிமிடம். "எல்லாம் ஆன்லைன்ல வந்துருமுன்னாங்க. நீங்க பஸ்ல வந்திருக்கறீங்களே, கண்ணு" என்றார் மாணிக்கவாசகம். அவள் கடைக் கணினியின் முன் உட்கார்ந்து, மூடிய வாசலைத் திறந்து, அந்த ஒரு நம்பரை மாற்றினாள். அவர் தன் போனில் புடவை புடவையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றார்.

வேலை நிலைத்தது. அன்றைய அறிக்கையில் ஹேமந்த் எழுதினார்: 'சிக்கல் மைசூரிலிருந்தே சரிசெய்யப்பட்டது.' மறுநாள் வடிவு அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் கணினியில் சிவப்பாக ஒரு வரி வந்ததும் சட்டென்று மூடினீர்களே, அதில் என்ன எழுதியிருந்தது?