ககனவீரன் மீதான துறைவாரி விசாரணை

ஆவடி சேக்காட்டில் உள்ள எங்கள் அடுக்ககத்தைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இங்கே குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், லிஃப்ட் மழைக்காலத்தில் ஓடாது, ஆனால் சினிமா பற்றிய கருத்து நாள் முழுவதும் தடையின்றி வழங்கப்படும். இந்த வசதிக்காகத்தான் நானும் என் மனைவி கோமளாவும் இங்கே வீடு வாங்கினோம் என்று சொல்ல முடியாது. வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

பிரச்சினை 'ககனவீரன்' என்ற படத்தால் வந்தது. ஒரு லைன்மேனுக்குக் கம்பத்தில் ஷாக் அடித்துப் பறக்கும் சக்தி வந்து, அவன் ஊரைக் காப்பாற்றுகிற கதை. கடைசிச் சண்டையில் வில்லனை அடித்து நொறுக்கப்போகிறான் என்று தியேட்டரே எழுந்து நிற்கும்போது, ககனவீரன் தரையிறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, வில்லனுக்குத் தயிர்சாதம் ஊட்டிவிடுவான். வில்லன் அழுவான். படம் முடிந்துவிடும்.

ரசிகப் பெருமக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பாதி, "பட்ஜெட் தீந்துபோச்சு" என்றது. மறுபாதி, "அது குறியீடு" என்றது. எதற்குக் குறியீடு என்று கேட்டவர்களுக்கு, "புரியறவங்களுக்குப் புரியும்" என்று உரிய விளக்கம் அளிக்கப்பட்டது.

எங்கள் அடுக்ககத்தில் முதல் பாதிக்கு விஷ்ணு தலைமை, இரண்டாவது பாதிக்கு அஸ்வின். இருவரும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இப்போது ஐ.டி. வேலைக்கும் ஒரே பைக்கில் போய்வந்துகொண்டிருந்தவர்கள். விஷ்ணுவின் தங்கை எழிலரசியும் அஸ்வினும் ஒருவரை ஒருவர் விரும்பி, பெரியவர்கள் சம்மதித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் பார்த்திருந்தார்கள். எழிலரசிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அதிகம் பேச மாட்டாள். ககனவீரன் பார்த்தாயா என்றால், "பாத்தேன்" என்பாள். எப்படி என்றால், "பாப்கார்ன் நல்லாருந்துச்சு" என்பாள்.

படம் முடிந்து வரும் வழியிலேயே, மேனாம்பேடு தாண்டுவதற்குள், விஷ்ணுவும் அஸ்வினும் பைக்கை ஓரங்கட்டிவிட்டார்கள்.

"இவ்ளோ செலவு பண்ணி கடசில தயிர்சாதமா? இன்னா படம் மச்சான் இது?" என்றான் விஷ்ணு.

"உனக்கு மூளை கீதா? அதுல டைரக்டரு இன்னா சொல்ல வராரு தெரியுமா?" என்றான் அஸ்வின்.

"இன்னா சொல்ல வராரு?"

"அத உன்னாண்ட சொல்லி பிரயோஜனம் இல்ல."

அன்று அஸ்வின் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தான்.

அடுத்த வாரம் படத்தின் இயக்குநர் ஒரு பேட்டியில், "வெளிவந்தது என் படமே இல்லை. என் படம் நாலு மணி நேரம். தயாரிப்பாளர் வெட்டிவிட்டார்" என்று கண்கலங்கினார். அஸ்வினுக்கு வழி பிறந்துவிட்டது. 'முழுப்பட மீட்பு இயக்கம்' தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவர், செயலாளர், காட்டுப்பாக்கம் மண்டல ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் நியமிக்கப்பட்டார்கள். உறுப்பினர் யாரும் இல்லை; எல்லாரும் நிர்வாகிகள். பதிலுக்கு விஷ்ணு 'பார்வையாளர் பாதுகாப்புப் பேரவை' கண்டான். இயக்கமும் பேரவையும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை விட்டுக்கொண்டன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டவர் எந்தக் கட்சி என்று விசாரிக்கப்பட்டார்.

பேச்சு முற்றி வீட்டுக்குள் வந்தது. "அந்தப் படத்த நல்லாருக்குன்றவன் நாளைக்கு எந்தங்கச்சிக்கு எது நல்லது கெட்டதுன்னு எப்டி பாப்பான்?" என்று விஷ்ணு கேட்டான். அதற்கு அஸ்வின், "குறியீடு புரியாத ஊட்ல பொண்ணெடுத்தா பொறக்கற புள்ளைக்கும் புரியாது" என்று குழுவிலேயே எழுதினான். எழிலரசியும் அந்தக் குழுவில் இருந்தாள். படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு மட்டும் விழுந்தது.

விஷ்ணு, எழிலரசி இருவருடைய அம்மா பார்வதம், கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியாக ஆளாக்கியவர். நிச்சயதார்த்தம் நின்றுவிடும் என்று பயந்து, அடுக்ககச் சங்கச் செயலாளர் பக்தவத்சலத்திடம் போனார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல சார். நீங்க கூப்ட்டு ரெண்டு வார்த்த சொன்னா அடங்கிடுவானுங்க."

"ரெண்டு வார்த்தை சொல்ற நடைமுறை கிடையாதும்மா. எழுத்து மூலமா மனு கொடுங்க" என்றார் பக்தவத்சலம்.

அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டார், அலுவலக ரகசியம். அங்கே துறைவாரி விசாரணைகள் நடத்துவதுதான் அவருக்கு வேலை. காணாமல்போன ஒரு மர ஸ்டூலைப் பற்றி அவர் நடத்திய விசாரணை பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில், விசாரணை அதிகாரி உட்கார்ந்திருப்பதே அந்த ஸ்டூலின் மீதுதான் என்று கண்டுபிடிக்கப்பட்டு, கண்டுபிடித்தவர் மாற்றல் செய்யப்பட்டார். ஓய்வுக்குப் பின் விசாரிக்க யாருமில்லாமல் மனிதர் இளைத்துப் போயிருந்தார். மனுவைக் கையில் வாங்கியதும் முகத்தில் களை வந்தது.

"இதில் குற்றம் சாட்டப்பட்டவர் யார்?" என்று என்னைக் கேட்டார்.

"பசங்கதான் சார்."

"அவர்கள் சாட்சிகள். குற்றம் சாட்டப்பட்டது படம். படம் குற்றவாளியா இல்லையா என்று தீர்ந்துவிட்டால் சண்டைக்கு முகாந்திரமே இல்லையே."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு.

மேற்படி திரைப்படமானது பார்வையாளர்களின் நேரத்தைக் கையாடல் செய்தது, தயிர்சாதத்தை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியது என்று குற்றக் குறிப்பாணை தயாரானது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரில் சேர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பாதி கிழிந்த ககனவீரன் போஸ்டர் ஒன்று இருந்தது. அதன் மார்பில் குறிப்பாணை ஒட்டப்பட்டது. ஒட்டியதற்கு நான் சாட்சிக் கையெழுத்து போட்டேன். உரிய காலத்துக்குள் போஸ்டர் பதில் அளிக்கவில்லை.

"அப்ப குற்றத்த ஒத்துகினு கீறாருன்னு எழுதிக்கோங்க சார்" என்றான் விஷ்ணு.

"படத்தோட பதிலு அந்த நாலு மணி நேரத்துல கீது சார். அதப் பாக்காம தீர்ப்பு சொன்னா அநியாயம்" என்றான் அஸ்வின்.

அந்த நேரம் பார்த்து, இயக்கத்தின் கூச்சலுக்குப் பணிந்தோ, வேறு படம் கிடைக்காமலோ, ஓ.டி.டி.யில் இயக்குநரின் முழுப்பதிப்பு வெளியானது. பக்தவத்சலம் அதைக் கூடுதல் ஆவணமாக ஏற்று, ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடத்தில் ஆஜர்படுத்த உத்தரவிட்டார்.

கூடம் நிறைந்துவிட்டது. முழுப்பதிப்பில் முதல் ஒரு மணி நேரம் ககனவீரன் பறக்கவில்லை. அவனுடைய பதவி உயர்வுக் கோப்புதான் மேஜை மேஜையாகப் போய்வந்தது. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். பக்தவத்சலம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோப்பு திருப்பி அனுப்பப்பட்ட இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதைப் போய் வெட்டியிருக்கிறார்களே" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

மதியம் பார்வதமும் கோமளாவும் எல்லாருக்கும் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். தன்னைக் கிண்டல் செய்யத்தான் என்று நினைத்து, அஸ்வின் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டான். பார்வதம் கிண்டல் செய்யவில்லை. சீக்கிரம் செய்ய முடிந்தது அதுதான்.

கடைசிச் சண்டை வந்தது. கூடமே மூச்சை அடக்கியது. ககனவீரன் தரையிறங்கினான். வில்லனை அடித்தான். வில்லன் செத்தான். தயிர்சாதம் வரவே இல்லை. திரையில் இயக்குநர் தோன்றி, "அந்தத் தயிர்சாதக் காட்சி தயாரிப்பாளரின் பிடிவாதம். என் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீக்கியபின்தான் எனக்குத் தூக்கம் வந்தது" என்றார்.

முதலில் வாயைத் திறந்தவன் அஸ்வின்.

"மச்சான், நீ அப்பவே சொன்ன. அந்த சீனு குப்பைதான். டைரக்டரே சொல்ட்டாரு."

பார்வதத்தின் முகம் மலர்ந்தது. விஷ்ணு தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல மச்சான். நாந்தான் தப்பு. அந்த சீனு இல்லாம பாத்தாதான் தெரியுது. அது இல்லாம படத்துல உசுரே இல்ல."

"இன்னா சொல்ற? பட்ஜெட் தீந்துபோயி வச்ச சீனு அது."

"உனக்கு மூளை கீதா? அதுல இன்னா சொல்ல வராரு தெரியுமா?"

"யாரு?"

"ப்ரொட்யூசரு."

இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதே வசனங்கள், ஆள் மட்டும் மாறியிருந்தது. இயக்கத்தினர் பேரவைக்கும் பேரவையினர் இயக்கத்துக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். பக்தவத்சலம் மேஜையைத் தட்டி, எழிலரசியைச் சாட்சியாக அழைத்தார். அதுவரை யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"படத்தைப் பற்றி உன் கருத்து என்னம்மா?"

"படத்தப் பத்தி ஒண்ணும் இல்ல சார். அஸ்வினப் பத்திச் சொல்லலாமா?"

பக்தவத்சலம் யோசித்தார். "கிளைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளலாம். சொல்."

"நிச்சயதார்த்தப் புடவை எடுக்க பூந்தமல்லிக்கு வரேன்னு சொன்னாரு. நான் கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன். போன் பண்ணா, 'நம்ம ஹேஷ்டேக் மொத எடத்துக்கு வரப்போவுது, இப்ப நகர முடியாது'ன்னாரு. சரின்னு நானே உள்ள போயி எடுத்துகினு வந்தேன். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் வெளிய கூட்டிகினு போறப்ப மட்டும் பாத்த வரைக்கும் இவரு நல்லாத்தான் தெரிஞ்சாரு. இந்தப் படம் வந்ததுலேர்ந்துதான் முழுசா பாக்கறேன், எதையும் வெட்டாம. முழுசா பாத்தாதான் புரியும்னு இவருதான் சொல்லிக்கினு இருந்தாரு. புரிஞ்சிடுச்சு சார். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. அஸ்வின் எழுந்தான். மதியத்திலிருந்து பிரிக்காத பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பாவமாக இருந்தது. விஷ்ணுவுக்கே பொறுக்கவில்லை.

"எழிலு, அவசரப்படாத. இவன் நல்லவன்தான். ஃபர்ஸ்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை. செகண்ட் ஹாஃப்ல பிக்கப் ஆயிடுவான்."

எழிலரசி அண்ணனைப் பார்த்தாள். "நீயும் அதே படந்தாண்ணே. ஹீரோ மட்டும் வேற." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவளுக்கு அவள் கம்பெனியின் ஓசூர் கிளையில் இடம் கிடைத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். விஷ்ணு தனியாக ஹோட்டலில் சாப்பிடுகிறான். அதே ஹோட்டலில் அஸ்வினும் சாப்பிடுகிறான். வேறு வேறு மேஜை. விசாரணை அறிக்கையில், 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை, இல்லை என்றும் நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதப்பட்டது. கோப்புக் காட்சிகள் இன்னும் விரிவாக உள்ள ஆறு மணி நேரப் பதிப்பை உடனே வெளியிட வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருந்தது. பக்தவத்சலம் இப்போது மீட்பு இயக்கத்தின் காப்பாளர்.

நியாயமாகப் பார்த்தால் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் எழிலரசி செய்தது சரியா தவறா என்ற கேள்வி எழுந்தது. ஒரு புடவைக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்துவதா என்றது அடுக்ககத்தின் ஒரு பாதி. அது வெறும் புடவை இல்லை, குறியீடு என்றது மறுபாதி. எழிலரசி மீது குற்றக் குறிப்பாணை தயாராகிவிட்டது. அவள் ஊரில் இல்லாததால், விஷ்ணு ஹோட்டலுக்குப் போயிருந்த நேரத்தில் பூட்டிய கதவில் ஒட்டப்பட்டது. வரும் ஞாயிறு விசாரணை. என்னையும் கோமளாவையும் எதிரெதிர்த் தரப்பில் சாட்சிகளாகச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் நாங்கள் இப்போது நேரில் பேசிக்கொள்வதில்லை. காபி வேண்டுமென்றால் எழுத்து மூலம், உரிய வழியாக விண்ணப்பிக்கிறேன். மனு பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது.