டத்தோ உடையப்பன் சுடுநீர் மின்நிலையம்

"யாருலா ஊத்துல ஐஸ் கொட்டுனது?" தண்ணீரில் விட்ட கையை வெடுக்கென்று எடுத்தார் உடையப்பன்.

யாரும் கொட்டவில்லை. சிலிம் ரிவர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் அவர் கண்டுபிடித்த சுடுநீர் ஊற்று, திறப்பு விழா அன்று பார்த்துச் சில்லிட்டுக் கிடந்தது. தண்ணீரின் சூட்டில் மின்சாரம் எடுக்கும் இயந்திரம் நேற்றுவரை பல்பை ஜோராக எரியவைத்தது. இன்று 'ஒய்பி' என்று எல்லோரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் முன்னால் எரிந்தால், உடையப்பனுக்கு சுல்தான் தரும் டத்தோ பட்டத்துக்குச் சிபாரிசு. பேனரில் பட்டத்தை முன்கூட்டியே போட்டுவிட்டார்.

"பூமிக்குள்ள இருக்கிற நெருப்பு எங்க போயிரும்? கொஞ்சம் தூண்டிவிடணும், அவ்வளவுதான்" என்றார், சங்கச் செயலாளர் பவித்ரனிடம்.

தூண்டினார்கள். சமையல்கார வீரம்மாவின் தேத்தண்ணி அண்டா ஊற்றில் கவிழ்ந்தது. பல்பு ஒருமுறை கண்ணடித்துவிட்டுத் தூங்கிப்போனது.

"ஒய்பிக்கு இனிமே என்னத்தக் குடிக்கக் குடுப்பேன்?" வீரம்மா இடுப்பில் கைவைத்தாள்.

"மினரல் வாட்டர் குடு. அதுவும் பூமித் தண்ணிதான்."

அடுத்து, பக்கத்துக் கோயில் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, ஹீட்டர் கம்பியை ஊற்றுக்குள் இறக்கினான் பவித்ரன். தண்ணீர் சுட்டது. பல்பு ஜெகஜோதியாய் எரிந்தது.

"அண்ணே, கரண்டுல தண்ணியக் காய்ச்சி, அதே தண்ணியில கரண்டு எடுக்கிறோம்."

"மெதுவாப் பேசு."

ஒய்பி காரிலிருந்து இறங்கினார். பட்டென்று ஒரு சத்தம். மைக், மின்விசிறி, கோயில் விளக்கு, பல்பு எல்லாம் ஒன்றாகக் கண்ணை மூடின. பவித்ரன் கம்பியை உருவி ஒளித்தான்.

சுடுநீர் மூட்டுவலிக்கு நல்லதென்று கேள்விப்பட்டிருந்த ஒய்பி, சடங்கெல்லாம் முடிந்து சாவகாசமாக ஊற்றில் காலை விட்டபோது தண்ணீர் மறுபடி ஆறிப்போயிருந்தது. "என்ன உடையப்பன், சில்லுன்னு இருக்கு?"

"நவீன முறை ஒய்பி. சூட்ட மிச்சம் வைக்காம மின்சாரமாக்கிட்டோம்."

"மின்சாரம் எங்க?"

உடையப்பன் நெஞ்சை நிமிர்த்தியபடியே நின்றார். கண் மட்டும் அணைந்த பல்புக்கும் ஒய்பிக்கும் நடுவே அலைந்தது.

முன்வரிசையில் மீகோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்த தினேஸ்வரிக்குப் பாவமாகிவிட்டது. மேட்டிலிருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்ப்பவள் அவள்.

"அதுக்கேண்ணே முழிக்கிறீங்க? இன்னிக்கி மே டேலா, ஆலை லீவு. நாளைக்கு பாய்லர் ஏத்துனதும், எங்க ஓட்டப் பைப்பு எப்பவும் போல உங்க ஊத்துல சுடுதண்ணியக் கொட்டும்!"