நீலத் தும்பி

"அண்ணி, அது செத்துப் போச்சு. மனசைத் தேத்திக்கோங்க" என்றார் கொழுந்தன், லேப்டாப்பின் மூடியை மெதுவாகச் சாத்தியபடி.

"செத்துப் போச்சா? இப்பத்தானே திரையில வெளிச்சம் வந்துச்சு?"

"வந்துச்சு. வர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சு, டம்ளரைக் கழுவியும் வெச்சுட்டேன். இதுக்குப் பேரு உயிர் இல்ல அண்ணி, இழுத்துக்கிட்டு இருக்கிறது."

கொழுந்தனுக்குக் குடும்பத்தில் 'டாக்டர்' என்று பெயர். வைத்தியம் மனிதர்களுக்கு இல்லை, கம்ப்யூட்டர்களுக்கு. சொந்தத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து, மூடியைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, மூடியைச் சாத்துவார். அவர் கை வைத்து ஒன்றாவது பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. காரணம், அடக்கச் செலவும் அவருடையதே. "குப்பையில போட்டா மண்ணு கெடும், எரிச்சா காத்து கெடும்" என்று சொல்லி, ஒரு பழைய போர்வையில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு போய் எங்கோ முறைப்படி ஒப்படைத்துவிடுவார். ஒரு பைசா வாங்க மாட்டார். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று குடும்பமே உருகிப் போகும்.

"சாயங்காலம் வர்றேன் அண்ணி. வீட்டுக்காரியோட இந்தப் பக்கம் வர ஒரு வேலை இருக்கு. வரும்போது போர்வை எடுத்துட்டு வந்துடறேன்."

"போர்வை வேண்டாம் தம்பி. நான் கொடுக்கப் போறதில்ல."

டாக்டர் அனுதாபத்தோடு சிரித்தார். துக்க வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள் என்பது போல இருந்தது அந்தச் சிரிப்பு.

அவருடைய அண்ணிக்குத் தெருவில் 'திருத்தம்மா' என்று பெயர். ஓர் அச்சகத்தில் தலைமுடி நரைக்கும்வரை பிழை திருத்தியவர். போன மாதம் முதலாளி அவரைக் கூப்பிட்டு, பிழை திருத்த மென்பொருள் வந்துவிட்டது, அது வேகமாகவும் வேலை செய்கிறது என்று சொல்லி, நன்றி மடல் ஒன்றைக் கையில் கொடுத்தார். திருத்தம்மா அதை நின்ற இடத்திலேயே படித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு ஒற்றுப்பிழைகளையும் ஓர் ஒருமை பன்மை மயக்கத்தையும் வட்டமிட்டு, "திருத்தி அடிச்சுக் கொடுங்க, வாங்கிக்கறேன்" என்று மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்த வேகத்தில் வேறொரு பதிப்பகத்தில் பேசி, வீட்டிலிருந்தே பிழை திருத்தும் வேலையும் வாங்கிவிட்டார். முதல் புத்தகம் நாளைக் காலை வருகிறது. லேப்டாப் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதன் முன்னால் அவருடைய கணவர் இருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து முகம் தெரியாத யாரோ ஒருவரோடு அதில் சதுரங்கம் ஆடுகிறார். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

"பழசாயிட்டா தூக்கிப் போட்டுடணுமா?" என்று திருத்தம்மா கேட்டார்.

"என்னைச் சொல்றியா?" என்றார் கணவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"லேப்டாப்பைச் சொல்றேன். உங்களைப் பத்தி இன்னும் முடிவு பண்ணல."

கீழே செல்போன் கடை வைத்திருக்கும் பெண்மணி விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: "அதுக்குள்ள இருக்கிற சிஸ்டம் கனம்க்கா. வயசான மிஷின் அதைச் சுமக்க முடியாம திணறுது. 'தும்பி'ன்னு ஒரு சிஸ்டம் இருக்கு, ரொம்ப லேசு. பென்டிரைவ்ல போட்டு, அதுலேர்ந்தே மிஷினைத் திறந்துடலாம்."

திருத்தம்மா படியேறி வந்தார். கணவரை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளிவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் தும்பியை இறக்கினார். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. குடும்பத்தில் டாக்டர் ஒருவர் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? போன் போட்டார்.

மறுமுனையில் எதுவோ கீழே விழும் சத்தம் கேட்டது.

"தும்பியா? யார் சொன்னா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"யாரோ சொன்னாங்க. என்ன பண்ணணும், சொல்லுங்க."

"ஒண்ணும் பெரிசா இல்ல அண்ணி. அந்த ஃபைலை அப்படியே பென்டிரைவ்ல காப்பி பண்ணி லேப்டாப்புல சொருகுங்க. வந்தா வரும். ஆனா வராது."

வரவில்லை. லேப்டாப் தன் வழக்கப்படி முனகிக்கொண்டு பழைய சிஸ்டத்தையே தேடிப் போனது. திருத்தம்மா மறுபடி கீழே இறங்கினார்.

"வெறுமனே காப்பி பண்ணா எப்படிக்கா வரும்? அதை எழுதறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு, அதுலதான் எழுதணும்" என்று கடைக்காரப் பெண்மணி தலையில் அடித்துக்கொண்டார். "எந்த மகராசன் சொன்னது?"

"எங்க வீட்டு டாக்டர்தான். பாவம், ஆயிரம் வேலை அவருக்கு. மறந்திருப்பார்."

மேலே வந்து அந்தப் புரோகிராமைப் பிடித்து எழுத ஆரம்பித்தார். 'இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்' என்று திரை எச்சரித்தது. அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆகவே சம்மதம் தெரிவித்தார்.

"அது எந்தப் பென்டிரைவ்?" என்றார் கணவர், தற்செயலாகத் திரும்பிப் பார்த்து.

"உங்க மேஜை டிராயர்ல கிடந்தது."

"அடிப்பாவி! நான் ஜெயிச்ச ஆட்டம் எல்லாம் அதுலதானே வெச்சிருந்தேன்!"

"எத்தனை ஆட்டம்?"

"ரெண்டு" என்றார் கணவர், சுவரைப் பார்த்தபடி.

"அப்ப மறுபடி ஜெயிச்சுக்கோங்க."

எழுதி முடிந்த பென்டிரைவை லேப்டாப்பில் சொருகினார். அதன் விளக்கு கண் சிமிட்டியது. ஆனால் லேப்டாப் அதைத் திரும்பியும் பார்க்காமல், எதிரே வரும் கடன்காரரைக் கண்டுகொள்ளாதவர் போல நேராகப் பழைய சிஸ்டத்துக்கே போனது. மறுபடி டாக்டருக்கு போன்.

"இன்னுமா விடல நீங்க?" என்றார் டாக்டர். குரலில் வழக்கமான அனுதாபம் கொஞ்சம் குறைந்திருந்தது. "சரி. திறக்கும்போது எஃப் டூவை அழுத்துங்க. நீலமா ஒரு பக்கம் வரும். அதுல 'யூஎஸ்பி பூட்'னு ஒரு வரி இருக்கும். அதை 'டிஸேபிள்ட்'னு மாத்திடுங்க. ஒரு பாதுகாப்புக்கு."

மாற்றினார். இந்த முறை லேப்டாப் பென்டிரைவ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கும் அணைந்துவிட்டது.

"பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். இனிமே எதையும் தொடாதீங்க அண்ணி. நான் கிளம்பிட்டேன்" என்று போனை வைத்தார் டாக்டர்.

திருத்தம்மாவுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. அச்சகத்திலும் இப்படித்தான், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ முடிவு பண்ணினார்கள். இங்கே போனில் முடிவு பண்ணுகிறார்கள். எது ஓடும், எது ஓடாது என்று சொல்ல இவர்கள் யார்?

பென்டிரைவில்தான் கோளாறு, இன்னொரு தடவை எழுதிப் பார்த்துவிடலாம் என்று அதைப் பிடுங்கிக் கணவரின் கம்ப்யூட்டரில் ஓங்கிச் சொருகினார். சொருகிய வேகத்தில் கால் தடுக்கி, மேஜைக்கு அடியில் இருந்த பிளக் கழன்றது.

திரை இருண்டது.

"ஐயோ! இன்னும் ரெண்டே நகர்த்தல்! ஜெயிக்கப் போறேன்டி!" கணவர் தவழ்ந்து போய்ப் பிளக்கை மாட்டினார். அவசர அவசரமாகப் பொத்தானை அழுத்தினார். திரை மெல்ல வெளுத்தது. சதுரங்கப் பலகை வரவில்லை. நீல நிறத் தும்பி ஒன்று இடது மூலையிலிருந்து பறந்து வந்து, நடுவில் இருந்த புல் நுனியில் உட்கார்ந்து, இறக்கையை ஒரு முறை அசைத்தது.

"என் ராணி எங்கே?" என்றார் கணவர்.

"உங்க ராணி இங்கதான் நிக்கறா. கொஞ்சம் நகருங்க." திருத்தம்மாவின் கண் பளபளத்தது. "பென்டிரைவ்ல பிழை இல்ல. அப்ப லேப்டாப்புலதான் எங்கேயோ ஒரு பிழை இருக்கு. பிழைன்னா அது என் வேலை."

பென்டிரைவைக் கழற்றி, இரண்டு கம்ப்யூட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் எஃப் டூவை அழுத்தி அந்த நீலப் பக்கத்தைத் திறந்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வயது. பக்கங்களும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. அச்சகத்தில் புது ஆள் அடித்த பக்கத்தை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படியே பார்ப்பது என்று முடிவு செய்தார். ஒருவர் மூலத்தைப் புள்ளி, கோடு விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் அச்சுப் படியில் விரலை வைத்து வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

"நீங்க உங்களோடதைப் படிங்க. முழுங்காமப் படிக்கணும்."

ஜெயிக்கப் போன ஆட்டத்தைப் பறிகொடுத்த மனிதர் வேறு என்ன செய்வார்? படித்தார்.

"தேதி. ரெண்டு புள்ளி. இன்னிக்குத் தேதி. நேரம். ரெண்டு புள்ளி. எனக்குப் பசிக்கிற நேரம்."

"அங்க இருக்கிறதை மட்டும் படிங்க."

"'மௌஸ்'. ரெண்டு புள்ளி. 'எனேபிள்ட்'."

"ம்."

"'யூஎஸ்பி பூட்'. ரெண்டு புள்ளி. 'எனேபிள்ட்'."

"நிறுத்துங்க!"

திருத்தம்மாவின் விரல் ஒரே இடத்தில் நின்றது. லேப்டாப்பில் அந்த வரிக்கு நேரே 'டிஸேபிள்ட்', அதாவது பென்டிரைவிலிருந்து திறக்காதே என்று இருந்தது. டாக்டர் பாதுகாப்புக்காக மாற்றச் சொன்ன அதே வரி.

"இதைத்தானே அவன் மாத்தச் சொன்னான்?" என்றார் கணவர்.

"வாய் தவறிச் சொல்லியிருப்பார். எல்லாருக்கும்தான் பிழை வரும். அதனாலதானே என் பிழைப்பு ஓடுச்சு."

மாற்றினார். இன்னும் படிக்கச் சொன்னார். கணவருடைய கம்ப்யூட்டர் முதலில் யூஎஸ்பியைத் தேடும்படி இருந்தது, லேப்டாப்பில் அது கடைசியில் கிடந்தது. அதையும் மேலே ஏற்றினார். சேமித்து, பென்டிரைவைச் சொருகினார். விளக்கு மறுபடி சிமிட்டியது.

அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் வாசலில் நின்றார். கையில் நான்காக மடித்த போர்வை. பின்னால் அவர் மனைவி, திருத்தம்மாவின் ஓரகத்தி. அதிகம் பேசாத பெண். பேசினால் மறைக்கத் தெரியாத பெண்.

"குடுங்க அண்ணி, சுத்திடறேன். நீங்க பார்க்க வேண்டாம், உள்ள போங்க" என்று டாக்டர் போர்வையை உதறினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி." திருத்தம்மா லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். கணவருக்குத் தன் ஆட்டம்கூட மறந்துபோனது. பிறகு இடது மூலையில் நீலமாக ஏதோ துடித்தது. தும்பி பறந்து வந்து புல் நுனியில் உட்கார்ந்து, இறக்கையை அசைத்தது. டீக்குத் தண்ணீர்கூட வைத்திருக்க முடியாது, அதற்குள் லேப்டாப் முழுசாகத் திறந்து வேலைக்குத் தயாராக நின்றது.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது... இது தற்காலிகம் அண்ணி. பென்டிரைவை எடுத்தா போயிடும்."

"அப்ப எடுக்க மாட்டேன்."

"எப்ப வேணா மறுபடி நின்னுடும். ரொம்பப் பழசு."

"நானும்தான் பழசு. நின்னா மறுபடி வரி வரியா படிச்சு எழுப்புவேன். இவர் படிப்பார், நான் திருத்துவேன். தம்பி, இனிமே இந்த வீட்ல எதுக்கு உயிர் இருக்கு, எதுக்கு இல்லங்கறதை நான் சொல்றேன். நீங்க அந்தப் போர்வையை மடிச்சு உள்ள வைங்க."

டாக்டர் போர்வையை மடிக்கத் தொடங்கினார். ஏனோ முனைகள் சேரவே இல்லை. "சரி, கிளம்பலாம்" என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் நகரவில்லை. திரைக்கு அருகே குனிந்து, தெரிந்தவர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்ட சந்தோஷத்தோடு சொன்னாள்:

"ஏங்க, நம்ம மாடி ரூம்ல வாடகைக்கு விடுறதுக்கு அடுக்கி வெச்சிருக்கீங்களே, அந்த லேப்டாப் எதைத் திறந்தாலும் இதே தும்பிதானே பறக்குது?"