பூட்டுக்கு வைத்த பொட்டு

புதிதாக ஒரு பொருளை வாங்கியவன் அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. நானும் இருக்கவில்லை. செவிலிமேட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு ஸ்மார்ட் லாக் போட்ட புதிதில், எதிர்ப்பட்டவர்களையெல்லாம் மாடிக்கு இழுத்து வந்து விரலை வைத்துத் திறந்து காட்டினேன். (தண்ணி கேன் போடுறவரு தோள்ல கேனோட நின்னு பாத்தாரு, பாவம்.)

அதற்கு முன் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணனிடம் அனுமதி வாங்கியதே பெரிய பாடு. கீழ் வீட்டில்தான் இருக்கிறார். அந்தத் தேக்குக் கதவை அவர் பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பார். காலண்டர் மாட்ட ஆணி அடித்த முந்தைய குடித்தனக்காரரைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்.

“அண்ணே, வெரலு வெச்சா தெறக்கும். நம்பர் போட்டா தெறக்கும். கார்டு காட்டினா தெறக்கும். போன்லயும் தெறக்கலாம். எல்லாம் போச்சுன்னாகூட அவசரத்துக்கு ஒரு சாவி இருக்குது” என்றேன்.

“ஒரு வாசப்படிக்கு எதுக்குப்பா இத்தினி வழி?” என்றவர், கடைசியில் அரை மனதாகத் தலையாட்டினார். “கதவுல மட்டும் கீறல் வுழக்கூடாது, ஆமா.”

பூட்டின் மீது என்னைவிட அதிகப் பிரியம் என் மூன்று வயது மகள் தாரிகாவுக்கு. திறக்கும்போது அது ‘டிங் டிடிங் டிங்’ என்று பாடும். நான் வேலையிலிருந்து வந்து விரலை வைத்தாலும் கதவைத் தள்ளக் கூடாது. பாட்டுக் கேட்டதும் உள்ளேயிருந்து ஓடிவந்து கைப்பிடியில் தொங்கி அவள்தான் திறப்பாள். தினமும் இது நடந்தாக வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. பிரிட்ஜ், மிக்சி, லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். “பூட்டுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுங்க” என்றாள் மனைவி ரேவதி. ஒரு பொட்டு என்றுதான் சொன்னாள். நான் பன்னீரில் குழைத்த சந்தனத்தை அள்ளி, விரல் வைக்கும் இடத்தில் ஒரு அப்பு, நம்பர் பலகை மேல் பட்டையாக மூன்று கோடு, நடுவில் குங்குமம் என்று அபிஷேகமே செய்துவிட்டேன். வைக்கும்போது நெஞ்சு நிமிர்ந்ததும் ஞாபகம் இருக்கிறது.

சாமி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, எங்கள் இரண்டு போனையும், பூட்டின் கார்டையும், அந்த அவசர சாவியையும் வைத்தோம். தரையில் குத்துவிளக்கு ஏற்றினோம். பட்டுப் பாவாடை கட்டியிருந்த தாரிகா விளையாடிக் களைத்துக் கூடத்துப் பாயிலேயே தூங்கிப்போனாள். கீழே ஸ்கூட்டருக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டியதுதான் பாக்கி.

“எழுந்து வந்து படியில உருண்டுடப் போறா. கதவ சாத்திக்கினு வாங்க” என்றாள் ரேவதி. சாத்தினேன். பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டது.

பூசணிக்காய் பிரமாதமாக உடைந்தது. திரும்பி மாடியேறி வந்து விரலை வைத்தேன். பாட்டு வரவில்லை. வேட்டியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சந்தனம் இடுக்குக்குள் இறங்கிவிட்டிருந்தது. ‘பிளீஸ் ட்ரை அகெய்ன்’ என்றது பூட்டுக்குள்ளிருந்த பெண் குரல். நம்பர் போட்டேன். நான் ஒன்றைத் தொட்டால் ஈரத்தில் பக்கத்து எண்ணும் சேர்ந்து விழுந்தது. திரும்பத் திரும்பத் தப்பாகவே, என்னைத் திருடன் என்று முடிவு கட்டிப் பூட்டு பேச்சையே நிறுத்திக்கொண்டது.

“சாவி எங்க?” என்றாள் ரேவதி. கேட்ட மறுநொடி அவளுக்கே பதில் தெரிந்து முகம் வெளுத்தது.

வாசலை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியே பார்த்தோம். கோடிச் சுவரோரம் சாவி, கார்டு, போன் எல்லாம் பூப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் விளக்கு. விளக்குக்கு நாலு அடியில் பாவாடையை விரித்துப்போட்டுக்கொண்டு என் பெண். 

சத்தம் கேட்டு ஏகாம்பரம் அண்ணன் மேலே வந்தார். ஒட்டடைக் கம்பை விட்டுச் சாவியை இழுக்கலாம் என்றார். “வெளக்குல பட்டுச்சின்னா?” என்று ரேவதி கம்பைப் பிடுங்கி எறிந்தாள். அவருடைய போனில் தச்சரைக் கூப்பிட்டோம்.

“அண்ணே, உளி, சுத்தி எல்லாம் பூசையில வெச்சிட்டேண்ணே. நாளைக்குத்தான் எடுப்பேன்” என்றார் தச்சர். ஊரில் எந்தக் கை எந்தக் கருவியைத் தொடும் அன்றைக்கு? தறிகூட நின்றிருந்த நாள் அது.

ஏகாம்பரம் அண்ணன் விறுவிறுவென்று கீழே போனார். திரும்பி வரும்போது கையில் கடப்பாரை. அதுவும் அவர் வீட்டுப் பூஜையிலிருந்துதான் வந்தது. சந்தனப் பொட்டும் சாமந்திப் பூவுமாக இருந்தது.

“அண்ணே, கதவு...” என்றேன்.

“கெடக்குது மரம்! புள்ள முக்கியமா, கதவு முக்கியமா? தள்ளுய்யா” என்று நெம்பினார். அவ்வளவு ஆசையாக வைத்திருந்த கதவு கிறீச்சிட்டதே தவிர அசையவில்லை. தாரிகா எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். “தாரிகா, கதவாண்ட வாடா செல்லம். கைப்பிடிய அமுக்குடா” என்று கெஞ்சினேன். உள்பக்கமிருந்து கைப்பிடியை அமுக்கினால் பூட்டு எப்போதும் திறக்கும்.

“பாட்டு வர்லப்பா” என்றாள்.

சொல்லிவிட்டு விளக்குப் பக்கம் திரும்பி நடந்தாள். போன மாதம்தான் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஊதியிருந்தாள். குத்துவிளக்குக்கு முன்னால் குந்தி, கன்னத்தை உப்பினாள். பாவாடைக் கரை விளக்கின் பாதத்தில் கிடந்தது. ரேவதி அலற வாயெடுத்தாள். குழந்தை பயந்து துள்ளினால் விளக்கு அவள் மேலேயே சாயும் என்று ரேவதியின் வாயைப் பொத்தினேன். அப்போதுதான் மகள் சொன்னது மண்டையில் உறைத்தது.

பாடினேன். “டிங் டிடிங் டிங்.”

குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி பாடினேன். ரேவதி அழுதுகொண்டே சேர்ந்துகொண்டாள். ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடப்பாரையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பஜனை மாதிரி உச்சக் குரலில் “டிங் டிடிங் டிங்” என்றார்.

தாரிகாவின் தலை திரும்பியது. விளக்கை விட்டு எழுந்தாள். “அப்பா வந்தாச்சூ” என்று ஓடிவந்து கைப்பிடியில் தொங்கினாள். கதவு திறந்தது. ரேவதி அவளை வாரிக்கொண்டாள். நான் விளக்கை மலையேற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

“சுண்டல் எதுனா கீதாப்பா?” என்றார் ஏகாம்பரம் அண்ணன். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

மறுநாள் பூஜை எடுத்ததும் பழைய பூட்டையே மாட்டினோம். கதவில் கடப்பாரை போட்ட தழும்பை மூட அவர் விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, என் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

தாரிகா இப்போது இரண்டாம் வகுப்பு. இன்றுவரை பாட்டுக் கேட்காமல் கதவைத் திறக்க மாட்டாள். அழைப்பு மணியெல்லாம் செல்லாது. ஒரு முறை மாமனார் மாகறலிலிருந்து வெயிலில் வந்து, வாசலில் நின்று பாடிவிட்டுத்தான் உள்ளே வந்தார். போன வாரம் குளித்துக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ கனத்த குரலில் “டிங் டிடிங் டிங்” என்பது கேட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தேன். தோளில் கேஸ் சிலிண்டரோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“சுருதி சேர்லண்ணா. இன்னொரு வாட்டி” என்றாள் என் மகள் உள்ளேயிருந்து.